நத்தாருக்குச் சிறு கேக்: முட்டைப் பானத்தை மாவுடன் சேர்த்துச் சுடுதல்

மாரி காலத்தில் தடிமன் பிடித்தவருக்கு எங்கள் வீடுகளில் முட்டைக் கோப்பி அடித்துக் கொடுப்பார்கள். முட்டையைச் சீனியுடன் நுரைக்க அடித்து, சுடுகோப்பியை மெல்ல மெல்ல ஊற்றி, பெரியவர்களுக்கென்றால் ஒரு சொட்டுப் பிரண்டியும் விடுவார்கள். அமெரிக்காவில் நத்தார் காலத்தில் குடிக்கும் 'எக்நொக்' என்ற பானம் இந்த முட்டைக் கோப்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். அங்கே கோப்பிக்குப் பதிலாகப் பாலும் பாலாடையும் சேரும். முட்டையும் சீனியும் அப்படியே. ரம் அல்லது பிரண்டி விட்டு, மேலே சாதிக்காயைத் துருவித் தூவுவார்கள். அந்தப் பானத்தின் சுவையிலேயே சிறு கோப்பைக் கேக்குகளும் அந்நாட்டார் சுடுகிறார்கள். போறணை இல்லாத ஒரு குடும்பம் இரண்டு முட்டையைக் கொண்டு அதை எப்படிச் செய்யலாம் என்பதே இந்தப் பாடம்.

கடந்த மார்கழியில் இதை ஒரு தாய்மார் குழுவுக்குச் செய்து காட்டினேன். சொந்தக் காணி இன்னும் கைக்கு வராமல், உறவினர் வளவில் கொட்டில் போட்டிருக்கும் ஒரு தாய், நான் முட்டையை உடைக்குமுன்னரே கேட்டார்: "சுவாமி, ரெண்டு முட்டையையும் கேக்குக்குள்ள போடுறதோ, அவிச்சுப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதோ? ஊரில இருக்கேக்க பதினைஞ்சு கோழி நிண்டது. இப்ப முட்டை கடையில எண்ணித்தான் வாங்கிறம்."

நியாயமான கேள்வி. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. இரண்டு முட்டையைப் பன்னிரண்டு கேக்குக்குள் பகிர்ந்தால் ஒரு பிள்ளைக்கு ஆறில் ஒரு பங்கு முட்டைதான் போய்ச் சேரும். ஆகவே கேக்கை ஊட்ட உணவு என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் எடை குறைந்த பிள்ளையோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் முட்டை முதலில் அவர்களுக்கு. "அவைக்குக் குடுத்தது போக, நத்தாருக்கெண்டு ரெண்டு முட்டை ஒதுக்க ஏலுமெண்டால் செய்யுங்கோ அம்மா, ஏலாட்டில் அடுத்த வருசம் பாப்பம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு முட்டையை உடைக்கச் சொன்னார்.

அவர் சொன்ன கோழிக் கணக்குக்கும் இந்தப் பானத்தின் கதைக்கும் தொடர்பு உண்டு. இங்கிலாந்தில் பழைய காலத்தில் சூடான பாலுக்குள் வைனோ பியரோ ஊற்றித் திரையவிட்டுக் குடிக்கும் 'பொசெற்' என்ற பானம் இருந்தது. பாலும் முட்டையும் நல்ல வைனும் ஒன்றாகச் சேரும் வீடு அங்கே பெரும்பாலும் வசதியான வீடுதான். கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறியவர்களிடமோ மாடும் கோழியும் இருந்தன. கரிபியன் தீவுகளின் கரும்பிலிருந்து வடித்த ரம் மலிவாகக் கிடைத்தது. எனவே கனவான்களின் பானம் 18ஆம் நூற்றாண்டில் அங்கே கமக்காரனின் பானமாயிற்று. அது அளவு மீறிப் போனதும் உண்டு. 1826ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவு, வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரி மாணவர்கள் எக்நொக்குக்காகக் களவாக விஸ்கி கொண்டுவந்து குடித்து, பெரும் கலகமே செய்தார்கள். விசாரணைக்குப் பின் பலர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

கோப்பைக் கேக்கும் அதே நாட்டுக் குசினிகளிலிருந்து வந்ததுதான். அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி 1796இல் வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் நூலில், சிறு கோப்பைகளில் சுடும் கேக் பற்றிக் குறிப்பு உண்டு. 1828இல் எலைசா லெஸ்லி வெளியிட்ட நூலில் 'கப் கேக்' என்ற பெயரே வந்துவிட்டது. அந்தப் பெயருக்கு இரண்டு பொருள் சொல்வார்கள்: கோப்பையில் சுடுவது ஒன்று, கோப்பையால் அளப்பது மற்றது. இரண்டாவதுதான் எங்களுக்கு மிக உதவி. தராசு இல்லாத வீட்டில் 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்கள்: ஒரு கோப்பை வெண்ணெய், இரண்டு கோப்பை சீனி, மூன்று கோப்பை மா, நான்கு முட்டை. இந்தக் கணக்கைப் பாதியாக்கினால் எங்கள் அளவு வந்துவிடும்.

சரி, பானமாகவே குடித்தால் என்ன என்று கேட்கலாம். பழைய முறை எக்நொக்கில் முட்டை பச்சையாகவே இருக்கும். முட்டையில் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். குளிரூட்டி இல்லாத இடத்தில் அது விரைவாகப் பெருகும். சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் கடும் வயிற்றோட்டத்தில் தள்ளிவிடும். முட்டை கலந்த உணவு உள்ளே 71 பாகை செல்சியஸ் வரை சூடேறினால் அந்தக் கிருமி அழியும். நன்றாக வெந்த கேக்கின் நடுப்பகுதி அதைவிட மேலே போய்விடும். பானத்தின் சுவையைப் பயமின்றிப் பிள்ளைக்குக் கொடுக்க இதுவே வழி.

மதுபானம் வேறு விடயம். சுடும்போது ரம் எல்லாம் ஆவியாகிப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. மாவுடன் கலந்து கால் மணி நேரம் சுட்டால் விட்ட மதுசாரத்தில் நூற்றுக்கு 40 வீதம் அளவு உள்ளேயே நிற்கும். அரை மணி நேரம் சுட்டாலும் 35 வீதம் நிற்கும். ஆகவே பிள்ளைகள் உண்ணும் கேக்குக்கு ரம்மும் வேண்டாம், சாராயமும் வேண்டாம். வனிலா ஒரு தேக்கரண்டி போதும். எக்நொக்கை எக்நொக் என்று நாக்குக்குச் சொல்வது சாதிக்காய்தான். அது எங்கள் நாட்டில் கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கங்களில் விளைவது. தூளாக வாங்காமல் முழுக் காயாக ஒன்று வாங்கி வைத்து, வேண்டியபோது துருவுங்கள், வாசம் போகாது. அளவு மீற வேண்டாம். கேக்குக்கு அரைத் தேக்கரண்டி நல்ல மணம் தரும். ஆனால் ஒரு முழுக் காயை ஒருவரே உண்டால் நெஞ்சுப் படபடப்பும் மனக்குழப்பமும் வரலாம். காயைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இனி அளவு. 240 மில்லிலீற்றர் பிடிக்கும் பெரிய தேநீர்க் கோப்பை ஒன்றை எடுத்து, எல்லாவற்றையும் அதே கோப்பையால் அளவுங்கள். கோதுமை மா ஒன்றரைக் கோப்பை, சீனி ஒரு கோப்பை, மாஜரீன் அரைக் கோப்பை, பால் அரைக் கோப்பை, முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, துருவிய சாதிக்காய் அரைத் தேக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இதில் ஏறக்குறைய பன்னிரண்டு கேக் வரும். பசுப்பால் இல்லையென்றால் பால்மாவைக் கொஞ்சம் தடிப்பாகக் கரைக்கலாம். தேங்காயின் முதற்பாலும் பொருந்தும். புவேர்ட்டோ ரிக்கோ தீவில் நத்தாருக்குச் செய்யும் 'கொக்கீற்றோ' என்ற பானமே தேங்காய்ப்பாலில்தான். அங்கே கறுவாவும் சேர்ப்பார்கள்.

முட்டையை முதலில் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். மிதந்தால் அது பழையது. பின் மஞ்சட்கருவையும் வெள்ளைக்கருவையும் வேறாக்குங்கள். மஞ்சட்கருவைப் பாலுடனும் சாதிக்காயுடனும் வனிலாவுடனும் சேர்த்து அடித்தால், சீனியும் ரம்மும் இல்லாத எக்நொக் உங்கள் கையில். பால் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் முட்டை திரைந்துவிடும். வேறொரு சட்டியில் மாஜரீனையும் சீனியையும் மரக்கரண்டியால் குழையுங்கள். இந்த வேலையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நிறம் வெளுத்து, பஞ்சுபோல் வரும்வரை பத்து நிமிடமாவது குழைக்க வேண்டும். சீனிப் பரல்கள் மாஜரீனைக் கீறிக் கீறி உள்ளே சிறு சிறு காற்றுக் குமிழிகளை அடைக்கின்றன. சூடு பட்டதும் அந்தக் குமிழிகள்தான் பெருத்துக் கேக்கைத் தூக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதைவிட, இருக்கிற குமிழியை ஊதிப் பெருப்பிப்பதே அதிகம்.

மாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் சேர்த்து இரண்டு முறை அரித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கும் பானத்தில் ஒரு பங்குமாக மாறி மாறிக் குழையலுக்குள் சேருங்கள். மா விழுந்த பிறகு அதிகம் அடிக்கக் கூடாது. அடித்தால் கேக் ரொட்டிபோல் இறுகும். கடைசியாக வெள்ளைக்கருவை எண்ணெய்ப் பசை இல்லாத கிண்ணத்தில் வெண்ணுரையாக அடித்து, கரண்டியால் மெல்ல மடித்துச் சேருங்கள். ஒரு துளி மஞ்சட்கரு கலந்தாலும் நுரை ஒழுங்காக எழும்பாது. பேக்கிங் பவுடர் 1843இல்தான் இங்கிலாந்தில் அல்பிரட் பேர்ட் என்பவரால் செய்யப்பட்டது. அதற்கு முன் அமெரிக்கப் பெண்கள் மரச் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தையும் இப்படி அடித்த முட்டையையும் நம்பித்தான் கேக் சுட்டார்கள். ஆகவே இந்த நுரையை வீண் வேலை என்று விட்டுவிட வேண்டாம்.

அச்சுக்குச் சிறு அலுமினியக் கிண்ணங்களோ எவர்சில்வர்க் கிண்ணங்களோ போதும். வர்ணம் பூசிய பேணி கூடாது. உள்ளே மாஜரீன் பூசி மா தூவி, மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் ஊற்றுங்கள்.

போறணைக்கு வருவோம். ஆதியில் இந்தக் கேக்குகளைச் சுட்டவர்களிடமும் எல்லோருக்கும் போறணை இருக்கவில்லை. விளிம்புள்ள மூடியோடு கூடிய கனத்த இரும்புச் சட்டியைத் தணலில் வைத்து, மூடியின் மேலும் தணல் போட்டுச் சுட்டார்கள். எங்கள் பெரியவர்கள் மேல் நெருப்பு, கீழ் நெருப்பு என்று சொல்வதும் இதையே. பழைய தடித்த சட்டி ஒன்றின் அடியில் இரண்டு விரல் உயரம் காய்ந்த மணல் போடுங்கள். மணலின் மேல் ஒரு வளையமோ மூன்று சிறு கற்களோ வைத்து அதன் மேல் தட்டு. தட்டையான தகர மூடி. நாகப் பூச்சு உள்ள வாளியை இதற்கு எடுக்க வேண்டாம். கடும் சூட்டில் அந்தப் பூச்சின் புகை கெடுதி. சிரட்டைக் கரி நல்ல தணல் தரும். ஆனால் மூடிய கொட்டிலுக்குள் ஒருபோதும் கரி மூட்டாதீர்கள். அதன் நஞ்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை நித்திரையிலேயே கொன்றுவிடும். வெளியே, காற்றோட்டத்தில் சுடுங்கள்.

நான் முதன்முதல் சுட்டபோது தணலில் பெரும்பங்கைக் கீழேயே போட்டேன். அடி கரிந்து, மேல் பச்சை மாவாக நின்றது. உண்ணக் காத்திருந்த பிள்ளைகள் மரியாதைக்காக நடுப்பகுதியை மட்டும் தோண்டி உண்டார்கள். தணலில் இரண்டு பங்கு மேலே, ஒரு பங்கு கீழே என்பதுதான் சரியான கணக்கு. வெறும் சட்டியைக் கால் மணி நேரம் சூடாக்கி, உள்ளே ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டைப் போட்டு மூடிப் பாருங்கள். சில நிமிடங்களில் மெல்லப் பொன்னிறமானால் கேக்கை வைக்கலாம். உடனே கருகினால் கொஞ்சத் தணலை எடுத்துவிடுங்கள். மின் போறணை உள்ளவர்களுக்கு 175 பாகை செல்சியஸ், இருபது நிமிடம். சட்டியில் இருபதிலிருந்து முப்பது நிமிடம் பிடிக்கும். முதல் கால் மணி நேரம் மூடியைத் திறக்க வேண்டாம். குளிர்காற்றுப் பட்டால் எழும்பிய கேக் அமிழ்ந்துவிடும். பிறகு நடுவில் ஒரு ஈர்க்கைக் குத்தி எடுங்கள். மாப் பிடிக்காமல் வந்தால் வெந்துவிட்டது.

பெரிய கேக் ஒன்று இந்தச் சட்டியில் உள்ளே வேக ஒரு மணி நேரமாவது எடுக்கும். அதற்குள் தணலை இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டி வரும். சிறு கேக்குக்கு ஒரு முறை மூட்டிய கரி போதும். விறகும் கரியும் காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. விற்பனைக்குச் செய்ய நினைக்கும் குழுக்கள் மா, சீனிக் கணக்கோடு கரிக் கணக்கையும் தங்கள் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வரவேண்டும். பல குழுக்கள் இதை எழுதாமல், இலாபம் என்று நினைத்துக் கைநட்டப்பட்டதைக் கண்டிருக்கிறேன்.

மேற்பூச்சுக்கு மேல்நாட்டார் வெண்ணெயையும் ஐசிங் சீனியையும் குழைத்துக் கோபுரம்போல் வைப்பார்கள். எங்கள் வெயிலில் அது வழிந்துவிடும். ஒரு கோப்பை ஐசிங் சீனியில் ஒன்றரை மேசைக்கரண்டி பால் விட்டுக் கரைத்து, ஆறிய கேக்கின் மேல் ஒரு கரண்டி ஊற்றி, சாதிக்காயை ஒரு முறை துருவி விடுங்கள். பால் சேர்ந்த பூச்சு அன்றே உண்ண வேண்டியது. பூச்சில்லாத கேக்கை நன்றாக ஆறவிட்டு, மூடியுள்ள பிஸ்கட் ரின்னில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். ரின்னைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் ஒரு கல்லின் மேல் வையுங்கள், எறும்பு ஏறாது.

அந்தத் தாய்மார் குழுவில் அன்று பதின்மூன்று கேக் வந்தது. வளவில் நின்ற பிள்ளைகள் பதினெட்டுப் பேர். கேள்வி கேட்ட அந்தத் தாயே கத்தியை வாங்கி, எல்லாவற்றையும் இரண்டாக வெட்டினார். மிஞ்சிய எட்டுப் பாதியில் ஒன்றை எடுத்து மணந்து பார்த்து, "முட்டைக் கோப்பி மணம்தான் சுவாமி, கோப்பிதான் இல்லை" என்றார்.