ஏரித் திட்டும் அதன் காவலும்

தீவு என்றதும் கடல் நடுவே கிடக்கும் நிலமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் நாம் அத்தனை தொலைவு போக வேண்டியதில்லை. ஏரி நிரம்பியபின் நீர் நடுவே தலை நீட்டி நிற்கும் மண் திட்டும், அதன்மேல் வளர்ந்த மரங்களும் ஒரு தீவேயாகும். நாரை, கொக்கு முதலிய பறவைகள் இத்திட்டுகளை நம்பியே கூடு கட்டுகின்றன. கண்டமங்கலத்துக்கு அண்மையிலுள்ள ஊசுட்டேரியின் தமிழ்நாட்டுப் பகுதி 2015-ஆம் ஆண்டிலும், வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள கழுவேலி 2021-ஆம் ஆண்டிலும் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. ஆகவே இக்காவலின் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடியானவர்களும் அறிந்திருத்தல் நலம்.

இதில் நாம் பாடம் கேட்க வேண்டிய ஊர், திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகத்தை அடுத்துள்ள வேடந்தாங்கல். அங்குள்ள ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். நம் பக்கத்துப் பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் குட்டை என்றே சொல்லலாம். நீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களுமே அதன் செல்வம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலமாகவே பெற்றனர். வனக் காவலர் என்ற உத்தியோகம் ஏற்படுவதற்கு வெகுகாலம் முன்பே அவ்வூர் மக்கள் அனைவரும் காவலராக இருந்தனர். தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் தவிர்த்து வருகின்றனர்.

இதற்கு இரக்கம் மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் இரவும் பகலும் நீரில் விழுகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் மதகு வழியே வயலுக்குச் செல்கின்றன. காசில்லாமல் கிடைக்கும் இந்த எருவை அவ்வூர்க் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். அன்றியும், நத்தைகுத்தி நாரை தன் அலகால் நத்தையைப் பற்றி, ஓட்டிலிருந்து சதையை உருவித் தின்னும். மடையானும் வக்காவும் வரப்பில் வளை தோண்டும் நண்டுகளை உண்ணும். நண்டு வளையால் இரவோடு இரவாக நீர் வடிந்துபோன வயலுக்குச் சொந்தக்காரர் இதன் அருமையை உணர்வார்.

பறவைகளின் கணக்கும் நம் பட்டங்களைப் போன்றதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் நீர்க்காகமும் நத்தைகுத்தி நாரையும் முந்திக்கொண்டு கூடு கட்டும். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் சற்றுப் பிந்தும். மஞ்சள் மூக்கு நாரையின் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதமும், குஞ்சு சிறகு முற்றிப் பறக்க இரண்டு மாதமும் ஆகும். தை நடுவில் இட்ட முட்டை மாசியில் பொரித்தால், சித்திரை நடுவில்தான் குஞ்சு கூட்டை விட்டு எழும்பும். பங்குனி வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தந்து நிற்பதைக் கரையிலிருந்தே காணலாம்.

காவலருக்கும் அம்மாதங்களே கடினமானவை. விடியுமுன் கரையைச் சுற்ற வேண்டும். கண்ணி, வலை உண்டா எனப் பார்க்க வேண்டும். வேடிக்கை பார்க்க வருவோர் நீரில் இறங்காமலும் கூச்சலிடாமலும் தடுக்க வேண்டும். மிரண்ட தாய் கூட்டை விட்டெழுந்தால், காகம் முட்டையைக் கொண்டுபோக ஒரு நொடி போதும். இவற்றையெல்லாம்விடக் காவலரின் கண் நாள்தோறும் நீர்மட்டத்தின் மேலேயே இருக்கும். நீர் வற்றித் திட்டு கரையோடு சேர்ந்துவிட்டால் அது தீவாகாது. நாயும் கீரியும் நடந்தே சென்றுவிடும்.

நவரை நெல்லுக்கு நீர் வேண்டிய காலமும் அதுவே. "கொக்குக்காகப் பயிரைக் காயவிடுவதா?" என்று கிராம சபையில் கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. விடை மதகில் இல்லை, மண்வெட்டியில் உள்ளது. திட்டு அமைக்கும்போது மண்ணை வேறெங்கிருந்தும் கொண்டுவராமல், திட்டைச் சுற்றியே அகழி போல் ஆழமாக வெட்டிப் போட வேண்டும். ஏரி மதகு மட்டத்துக்குக் கீழே இறங்கிய பின்னரும் அவ்வகழியில் நீர் நிற்கும். பாசனத்துக்கு எட்டாத அந்நீரே கூடுகளுக்குக் காவலாகும். அகழியைக் கரையின் அடிவாரத்துக்கு அருகில் வெட்டலாகாது, கரை பலவீனமடையும்.

40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. அவற்றில் தூர் வாரும் வேலையுடன் இதையும் சேர்த்துச் செய்யலாம். சரணாலய எல்லைக்குள்ளாயின் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு கூடை மண்ணும் எடுக்கலாகாது. வேலையைக் குஞ்சுகள் பறந்த பிறகு, வைகாசியிலும் ஆனியிலும் வைத்துக்கொள்வதே முறை.

இன்னொன்று. திட்டில் நட்ட கருவேலங்கன்று கூடு தாங்கும் மரமாகப் பல ஆண்டுகள் ஆகும். அது ஏலத்தில் விறகாகப் போக ஒரு நாள் போதும். ஏரி மரங்களை ஏலம் விடத் தீர்மானம் கொண்டுவரும் பஞ்சாயத்துக்கள், கூடுள்ள மரங்களை முன்னதாகவே எண்ணிக் குறியிட்டு, அவற்றை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கித் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.