டீசல் பிக்கப்புக்கு பார்ட்ஸ் வாங்கும் முன்...

அமெரிக்க ஹெவி டியூட்டி பிக்கப்புகளில் ஒரே மாடல் ஆண்டுக்குள் என்ஜினே மாறியிருக்கும். ஆண்டை மட்டும் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள்.

1. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, ஸ்டிக்கரில் உள்ள தயாரிப்பு மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கு முந்தைய வண்டியா, பிந்தையதா என்பதற்கு முதல் தடயம் அதுதான்.

2. சேஸிஸ் எண்ணில் 8-வது இடத்தைப் பாருங்கள். 10-வது இடம் மாடல் ஆண்டை மட்டுமே சொல்லும். என்ஜினைச் சொல்வது 8-வதுதான். 2004 டியூராமேக்ஸ் டீசல் வண்டியில் அங்கே 1 இருந்தால் எல்பி7 என்ஜின், 2 இருந்தால் எல்எல்ஒய் என்ஜின். எல்பி7-இல் இன்ஜெக்டர்கள் வால்வு கவருக்கு உள்ளே இருக்கும், எல்எல்ஒய்-இல் வெளியே. மாற்றும் கூலியே வேறுபடும், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

3. 1998 டாட்ஜ் ராம் என்றால் பானெட்டைத் திறந்து பாருங்கள். தனித்தனியாக ஆறு வால்வு கவர் இருந்தால் 12 வால்வு கம்மின்ஸ். நீளமாக ஒன்றே இருந்தால் 24 வால்வு. முன்னதில் மெக்கானிக்கல் டீசல் பம்ப், பின்னதில் எலெக்ட்ரானிக். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று சேராது.

4. 2007 ராமுக்கு 5.9 லிட்டரா, 6.7 லிட்டரா என்று கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் அந்த ஆண்டு வந்தன.

5. பழைய வண்டியென்றால் என்ஜின் தகட்டு எண்ணையும் படமெடுங்கள். இடையில் யாராவது என்ஜினை மாற்றியிருந்தால் சேஸிஸ் எண்ணை நம்ப முடியாது.