செய்நிரலும் குழாயும்

தோட்டத்து நீர்க்குழாய்த் துண்டுகளைத் திருகிப் பொருத்துமாப்போலச் செய்நிரல்களையும் ஒன்றோடொன்று இணைத்தல் வேண்டுமென, அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்து டக் மக்கில்ரோய் என்பார் 1964ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். 1973இல் கென் தொம்சன் அதனை யுனிக்ஸ் இயங்குதளத்திற் செய்து முடித்தார். ஒரு செய்நிரல் வெளியிடுவதை மற்றொன்று உள்வாங்குதற்கு அமைந்த வழியே ஈண்டுக் குழாய் எனப்படும்.

நாம் எழுதும் செய்நிரலினுள்ளிருந்தே வேறொரு கட்டளையை இயக்கிப் பயன்கொள்ளவும் இது உதவும். குழாயொன்று கேட்பின், எழுதும் நுனி, வாசிக்கும் நுனி என இரண்டினை இயங்குதளம் தரும். பின்னர் ‘ஃபோர்க்’ என்னும் அழைப்பினால் தாய்ச் செய்நிரல் தன்னையொத்த சேயொன்றைப் பிறப்பிக்கும். ‘எக்செக்’ என்னும் அழைப்பினாற் சேய் தன்னுருவை விட்டுக் கட்டளையின் உருவை எடுக்கும்.

பழைய மாணவர் பெயர்ப்பட்டியலை ‘சோர்ட்’ என்னும் கட்டளையால் வரிசைப்படுத்த முயன்றஞான்று யாம் பெரிதும் இடர்ப்பட்டோம். அனுப்ப ஒரு குழாயும் பெற ஒரு குழாயும் அமைத்து நாற்பது பெயரே அனுப்பினோம். மாலை முழுதும் திரை அசையாது நின்றது. கணினியைப் பழித்தோம், பிழையோ எம்முடையது. பெயர்கள் யாவும் வந்து முடிந்தனவென்று அறிந்தாலன்றிச் சோர்ட் ஒன்றனையும் வெளியிடாது. எழுதும் நுனிகள் அனைத்தும் மூடப்பட்ட பின்னரே அம்முடிவு அதற்குப் புலப்படும். தாயின் நுனியை மூடினோம். சேய் பிறந்தபோது அதனிடத்துஞ் சென்ற படியை மூட மறந்தோம். தான் பற்றியிருக்கும் நுனி மூடப்படுமென்று தானே காத்திருந்தது அச்சேய்!

அதனை மூடியதும் பட்டியல் நொடியில் வந்தது. (குறியெண் முறைப்படி வரிசையிட்டமையாற் கனகசபை கபிலனை முந்திவிட்டார். நெடுங்கணக்குக் கற்ற நாம் அதனைக் கையாலே திருத்த நேர்ந்தது.)

பெரும்பட்டியலாயின் வேறோர் இடருமுண்டு. லினக்சிற் குழாயொன்று பொதுவாக 65,536 பைற்றுகளே கொள்ளும். யுனிகோட்டின் யூடிஎப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைற்று. வாசிக்க வாசிக்க வெளியிடும் ‘செட்’ போன்ற கட்டளைக்கு நாம் எழுதிக்கொண்டேயிருந்து, அது தருவதை வாசியாதிருப்பின், அதன் குழாய் நிரம்பி அது நிற்கும். பின் நம் குழாயும் நிரம்பி நாமும் நிற்போம். எழுதுதலும் வாசித்தலும் மாறிமாறி நிகழ்தல் வேண்டும். பைதன் மொழியில் ‘கம்யூனிகேட்’ என்பது இதனைத் தானே செய்துவிடும்.

‘பீஓப்பன்’ என்னும் எளிய வழியை மாணவர் பெரிதும் விரும்புவர். அது கட்டளை முழுவதையும் ஷெல்லிடம் ஒப்படைப்பது. பிறர் தந்த கோப்புப்பெயரில் ஓர் அரைப்புள்ளி கிடந்தால், அதன் பின்னுள்ளதை ஷெல் புதுக்கட்டளையெனக் கொள்ளும். அது கோப்புகளை அழிக்குங் கட்டளையாகவும் இருக்கலாம். ஆகலின் அத்தகைய பெயரைக் கட்டளையோடு ஒட்டி எழுதாது, எக்செக்குக்குத் தனி உறுப்பாகவே கொடுத்தல் வேண்டும்.