செவிலியர் கேட்கும் முதற்கேள்வி

புறநோயாளிகள் பிரிவில் மருத்துவரைக் காண்பதற்குமுன் செவிலியரிடம் செல்ல வேண்டியிருப்பதைப் பலர் வெறும் சடங்காகக் கருதுகின்றனர். உண்மையில் மருத்துவம் அந்த மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

பெருநகர், மானாம்பதி போன்ற ஊர்களிலிருந்து விடியற்காலையிலேயே பேருந்து ஏறி வருவோர், இறங்கியவுடன் விரைந்து நடந்து வரிசையில் நிற்பர். அந்நிலையில் ரத்த அழுத்தத்தை அளந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஆகவேதான் செவிலியர் ஐந்து நிமிடம் அமரச் சொல்கிறார். காலின்மேல் கால் போடுவது, அளக்கும்போது பேசுவது, சிறுநீரை அடக்கியிருப்பது, கையைத் தாங்கலின்றித் தொங்கவிடுவது ஆகிய ஒவ்வொன்றும் அளவை உயர்த்தும். சட்டைக் கையின்மேலேயே பட்டையைச் சுற்றினாலும் அளவு பிழைபடும்.

சில மாதங்களுக்குமுன் அறுபது வயதைக் கடந்த உழவர் ஒருவர் வந்திருந்தார். சீட்டில் 170/100 என்றிருந்தது. இரண்டாவது மாத்திரை ஒன்றை எழுதப் பேனாவை எடுத்துவிட்டோம். அதற்குள் செவிலியர் அவரை அமரவைத்து மீண்டும் அளந்து, "ஐயா, இன்று காலை மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்டார். "ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில்தானே வரச் சொன்னீங்க? அதான் போடலம்மா" என்றார் அவர். பழைய மாத்திரையையே தொடரச் செய்து மறுவாரம் அளந்தபோது 136/84. புதிய மாத்திரையைச் சேர்த்திருந்தால், நாற்றங்காலில் குனிந்து நிமிரும்போது அவர் தலைசுற்றி விழுந்திருக்கக்கூடும். அக்கேள்வியை நாங்கள் கேட்கத் தவறினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு வரும் நாளிலும் ரத்த அழுத்த மாத்திரையைப் பொதுவாகச் சிறிது தண்ணீருடன் உட்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கான மாத்திரையும் இன்சுலினும் அப்படியல்ல. உண்ணாமல் அவற்றை எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ரத்தம் கொடுத்துவிட்டு, உணவோடு எடுக்க வேண்டும். ஐயமிருந்தால் முந்தைய வருகையின்போதே செவிலியரிடம் கேட்டுக்கொள்க.

மற்றொரு சிக்கலும் அண்மையில் மிகுந்துள்ளது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன, பெரும் நன்மைதான். ஆனால் அதில் வந்த அம்லோடிபினையும், வெளியே வேறு வணிகப் பெயரில் வாங்கிய அதே அம்லோடிபினையும் சேர்த்து விழுங்குவோர் உள்ளனர். கால் வீங்கிய பிறகே எங்களிடம் வருகின்றனர். அட்டைகளை மேசைமீது பரப்பிச் சிறிய எழுத்திலுள்ள மருந்துப் பெயரைப் படித்து இதனைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் செவிலியரே. மாத்திரையைப் பாதியாக்கி உண்பதையும், கணவருடையதைத் தாம் பகிர்ந்துகொள்வதையும் பெண்கள் எங்களிடம் சொல்வதில்லை, அவரிடம் சொல்கின்றனர்.

வரிசையை மீறி ஒருவரை அவர் உள்ளே அனுப்பும்போது உடன் வந்தோர் சினம் கொள்வதுண்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி, வியர்த்து நடுங்குதல், வலிப்பு இவற்றுக்கு வரிசை கிடையாது. வரிசையில் காத்திருக்கும் உங்கள் தந்தைக்கு இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், தீர்ந்துபோனவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். இன்சுலின் போடுபவர் வீட்டில் யாரோ அவரே உடன் வருவது நல்லது. ஒருமுறை செவிலியர் முன்னிலையில் போட்டுக் காட்டட்டும்.