கைம்மாற்றும் கணக்கும்

நண்பர்க்கும் உறவினர்க்கும் உற்ற காலத்தில் உதவுதல் மக்கட் பண்புகளுள் தலைசிறந்ததாகும். அவ்வுதவிகளுள் ஒன்று கைம்மாற்று. ஈடு பெறாமலும், ஆவணம் எழுதாமலும், வட்டி கருதாமலும், சில நாளில் திரும்பப் பெறும் கருத்துடன் கொடுக்கும் சிறு கடனே கைம்மாற்று எனப்படும். சென்னையில் திருமயிலை, தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் திங்கள் ஊதியம் பெற்று வாழும் குடும்பங்களுக்குப் பள்ளி திறக்கும் சூன் திங்களிலும், வீட்டில் ஒருவர் நோயுற்ற பொழுதும் இதுவே கைகொடுக்கின்றது. ஆயினும், நட்பினை வளர்க்க வேண்டிய இதுவே சில வேளைகளில் நட்பினை முறித்தும் விடுகின்றது. அதற்குக் காரணம் பெரும்பாலும் வஞ்சம் அன்று, மறதியே ஆகும்.

கொடுத்தவர், "நான் தந்தது 5,000 ரூபாய்" என்பார். பெற்றவர், "இல்லை, 4,000 ரூபாய்தான், அதிலும் ஆயிரத்தைத் தீபாவளிக்கு முன்பே தந்துவிட்டேனே" என்பார். இருவரும் பொய் கூறுபவர் அல்லர். எழுதி வையாத கணக்கு நாள் செல்லச் செல்ல இருவர் உள்ளத்திலும் இரு வேறு வடிவம் கொள்கின்றது. உறவினரிடத்தும் கணக்கு எழுதுதல் அன்புக்கு இழுக்கு என்று சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. அறிமுகமானவரிடையே கொடுக்கல் வாங்கல் நிகழும்போதும் எழுத்து வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

திருமயிலையில் 1872-ஆம் ஆண்டில் மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் பண்டு என்னும் நிதி தொடங்கப்பெற்றது. உறுப்பினரிடமிருந்தே பொருளைப் பெற்று, உறுப்பினர்க்கே கடன் தருவது நிதியின் இயல்பு. நகை முதலியவற்றை ஈடாகப் பெற்று, ஏட்டில் எழுதியே நிதிகள் கடன் வழங்குகின்றன. எனினும், 2024-ஆம் ஆண்டில் அந்நிதியில் இட்ட பொருள் திரும்பக் கிடைக்கவில்லை எனப் பலர் முறையிட, காவல்துறையினர் வழக்குப் பதிந்தனர். கடனுக்கு எழுத்து வேண்டும். எழுத்தோடு நாணயமும் வேண்டும்.

கணக்கு எழுதும் முறை பழமையானது. வணிகர் அன்றாட நிகழ்ச்சிகளைக் குறிப்பேட்டில் எழுதிப் பின்னர்ப் பேரேட்டில் பதிவர். பெருமை என்னும் பண்புப்பெயர் ஏடு என்பதனோடு சேர்ந்து பேரேடு என்றாயிற்று. அதில் கொடுக்கல் வாங்கல் உடைய ஒவ்வொருவர்க்கும் தனிப்பக்கம் உண்டு. ஒருபுறம் பற்று, மறுபுறம் வரவு, முடிவில் நிலுவை என அப்பக்கம் அமையும். மேனாட்டு வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை, இத்தாலி நாட்டு லூக்கா பச்சியோலி 1494-ஆம் ஆண்டில் வெனிசு நகரில் வெளியிட்ட தம் கணித நூலில் விளக்கியுள்ளார். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் வரவு செலவு எழுத உதவும் மென்பொருள்கள் பல இம்முறையையே தழுவியவை.

மென்பொருளில் கைம்மாற்றைப் பதிவோர் பலர் ஒரு பிழை செய்கின்றனர். அதனைச் செலவு என்று எழுதிவிடுகின்றனர். தியாகராய நகரில் வாழும் ஒருவரின் திங்கள் வருவாய் 30,000 ரூபாய் எனக் கொள்வோம். குடும்பச் செலவு 22,000 ரூபாய். அடையாற்று நண்பர்க்குத் தந்த கைம்மாற்று 5,000 ரூபாய். கையில் எஞ்சியது 3,000 ரூபாய். கைம்மாற்றைச் செலவென எழுதினால், அவர் 27,000 ரூபாய் செலவிட்டதாகக் கணக்குக் காட்டும். மறுதிங்கள் நண்பர் 2,000 ரூபாய் திருப்பித் தர, அதனை வருவாய் என எழுதினால் வருவாயும் பொய்யாக உயரும். ஆதலின், நண்பர் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்குதல் வேண்டும். 5,000 ரூபாய் கையிருப்பிலிருந்து அக்கணக்கிற்கு மாறியது. 2,000 ரூபாய் அங்கிருந்து மீண்டது. நிலுவை 3,000 ரூபாய். அந்நிலுவை தம் பொருளேயாயினும், கைக்கு வரும் வரையில் அதனை நம்பிச் செலவு செய்தல் கூடாது.

2016-ஆம் ஆண்டில் யூ.பி.ஐ. முறை தோன்றியபின், கைப்பேசி வழியே பணம் அனுப்புதல் எளிதாயிற்று. நாளும் தொகையும் தாமே பதிவாகின்றன. ஆனால், அனுப்பிய பணம் கடனா, அன்பளிப்பா, பழைய கடனைத் தீர்த்ததா என்பதைப் பொறி அறியாது. அதனை உடனே குறித்து, "இத்தொகை கைம்மாற்று" என்று மற்றவர்க்கும் ஒரு வரி எழுதி அனுப்புதல் நன்று. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, திருப்பித் தரும் நாள் குறியாது கொடுத்த கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். அதற்குள் பெற்றவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிடின், அந்நாள் முதல் புதிய காலம் தொடங்கும். நண்பரிடையே வழக்கு வேண்டா. எனினும், எழுத்துக்குச் சட்டம் தரும் மதிப்பை அறிதல் வேண்டும்.

கடன் பெற்றவர் வறுமையுற்றால் கொடுத்தவர் அதனை விட்டுக்கொடுக்கலாம். அப்பொழுது நிலுவையை அன்பளிப்பு எனச் செலவில் எழுதி, அக்கணக்கை முடித்து, அவர்க்கும் அதனைத் தெரிவித்தல் வேண்டும். இன்றேல், கடன் தீர்ந்ததை அறியாத அவர் முகங்காண நாணி ஒதுங்குவார். கொடுத்தவர் காலத்திற்குப் பின் அவர்தம் மக்களும் அத்தொகையைக் கேட்கப் புகுவர்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. மாணவர்கள் தோழரிடம் பத்து ரூபாய் பெற்றாலும் அதனை அன்றே குறித்து வைத்துச் சொன்ன நாளில் திருப்பித் தருதல் வேண்டும். இளமையிற் பழகிய இவ்வொழுக்கம் பிற்காலத்தில் பொருளையும் காக்கும், நட்பையும் காக்கும்.