உருமாறும் காதலை எழுதும் மகளுக்கு

வத்தேகம

அன்பு மகளுக்கு,

உன் நாவலை முழுதாக வாசித்துவிட்டேன். உயர்தரப் படிப்புக்கு நடுவில், லயத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதியது என்று உன் அம்மா சொன்னாள். ஒரு நீண்ட கதையைக் கைவிடாமல் கடைசிவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறாய். தமிழ் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது லேசில் வாய்க்கிற காரியமில்லை. பன்வில பஸ்ஸில் உன் நாயகியும் அந்தப் பையனும் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் இடம் அருமை. ஜன்னலுக்கு வெளியே பனி ஏறி மலை மறைகிறது. அவன் மட்டும் அந்தப் பனிக்குள் எதையோ கண்டு தலையைத் திருப்புகிறான். அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லையும் மாற்றாதே.

மனிதன் மிருகமாக மாறுகிற காதல் கதைதானே, பிள்ளைகள் வாசிப்பது, அதற்கு இவ்வளவு யோசனையா என்று யாரும் சொன்னால் காதில் வாங்காதே. பதினாறு, பதினேழு வயதில் வாசிக்கிற காதல் கதைதான், தன்னை நேசிப்பவன் எப்படி நடந்துகொள்வான் என்ற எண்ணத்தை ஒரு பிள்ளையின் மனதில் ஊன்றுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஓநாய். உன் பையன் ஓநாயாக மாறுகிறான். இலங்கைக் காட்டில் ஓநாய் கிடையாது. நரி உண்டு. சிங்கமும் வரிப்புலியும் இல்லாத இந்தத் தீவில் வேட்டை மிருகங்களுக்கெல்லாம் மேலே நிற்பது சிறுத்தை. நக்கிள்ஸ் காட்டிலும் அது இருக்கிறது, தேயிலை மலைகளுக்கு நடுவே எஞ்சி நிற்கிற காட்டுத்துண்டுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் இருக்கிறது. லயத்து நாயைத் தூக்கிக்கொண்டு போன கதை இல்லாத தோட்டம் ஏது? பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதாது, மகள். ஓநாய் கூட்டமாக வாழ்கிற மிருகம். ஆகவே ஓநாய்க் கதைகளில் ஒரு கூட்டம், அதற்கொரு தலைவன், அவன் கட்டளை, எதிர்க்கூட்டம் என்று எல்லாம் கூடவே வந்துவிடும். உன் கதையிலும் வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்து எட்டுப் பேரும் எங்கே தூங்குகிறார்கள், யார் சோறு போடுகிறார்கள் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. சிறுத்தை தனியன். தாய்தான் குட்டியை வளர்க்கும், இரண்டு வயதை எட்டும்போது அதுவும் பிரிந்துவிடும். அப்படிப்பட்ட ஒருவனைப் பத்துக் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ்கிற லயத்தில் கொண்டுவந்து வைத்துப் பார். அவன் இருமினால் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும். ராத்திரி வெளியே போனால் மூன்று வீட்டுக்குத் தெரியும். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத இடத்தில் ஒளிக்க வேண்டிய ஒன்றோடு வாழ்கிறான். உன் நாவலின் பயம் அங்கேதான் இருக்கிறது.

2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிக் கிடந்தது ஞாபகமிருக்கும். மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துப்போனது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பியில் மலைநாட்டில் சிறுத்தைகளும் மாட்டுகின்றன. உன் பையன் ராத்திரி அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டால் விடிகிறபோது என்ன ஆகும்? தோல் மனிதத் தோலாகும். கம்பி கம்பியாகவே இருக்கும். கம்பியைக் கட்டியது உன் நாயகியுடைய அப்பாவாகவும் இருக்கலாம். கிழங்குப் பாத்தியைப் பன்றி கிளறாமல் காக்கத்தானே எல்லோரும் கட்டுகிறார்கள்! உன் கதையில் அவன் மாறுவதற்கு எந்தச் செலவும் இல்லை. மாறுகிறான், திரும்புகிறான், சட்டை கூடக் கசங்கவில்லை. ஒவ்வொரு மாற்றமும் அவனிடமிருந்து ஏதாவது ஒன்றைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

நிலவை வைத்திருக்க விரும்பினால் வைத்துக்கொள். ஆனால் முழுநிலவு நாள் இந்த நாட்டில் போயா. பள்ளிக்கூடம் இல்லை, சாராயக்கடை பூட்டு, வெள்ளை உடுத்திய சனம் விகாரைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருக்கும். வெசாக் என்றால் விடியவிடிய வெளிச்சக்கூடு பார்க்கிற கூட்டம். ஆவணி வாக்கில் வருகிற நிக்கினிப் போயாவை ஒட்டித்தான் கண்டிப் பெரஹர முடிகிறது. நீயோ ஆளில்லாத காட்டில் அவனை மாற்றுகிறாய். கடைசி ரந்தோலிப் பெரஹர இரவில், வீதியோரம் பாய் விரித்துக் காத்திருக்கிற கூட்டத்துக்கு நடுவே, தீப்பந்த வெளிச்சத்தில் அவள் கையைப் பிடித்தபடி அவன் நிற்கட்டும். உடம்பு மாறத் தொடங்குகிறது, நகர வழியில்லை. இதை அமெரிக்காவில் இருக்கிற எவராலும் எழுத முடியாது.

இனிப் பதினோராம் அத்தியாயம். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். ராத்திரியில் அவன் அவளுடைய காம்பிரா ஜன்னலோரம் வந்து நின்று, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளுக்குத் தெரியாது. பிறகு தெரிய வரும்போது உருகிப்போகிறாள். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2005இல் வெளிவந்த ஸ்டெபனி மேயரின் முதல் நாவல் ‘ட்வைலைட்’. அதில் இரத்தக்காட்டேரிப் பையன் இப்படித்தான் நாயகியின் அறைக்குள் வந்து உட்கார்ந்திருப்பான். அடுத்தடுத்த பாகங்களில் ஓநாயாக மாறுகிற பையன்களுக்கு, ஒருத்தியைக் கண்ட மாத்திரத்தில் விதி முடிச்சுப் போட்டுவிடும். அவளுக்கு விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. உலகமெங்கும் பிள்ளைகள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் நீ எழுதுவது லயத்துப் பிள்ளையைப் பற்றி. இருட்டில் பீலிக்குத் தண்ணீருக்குப் போகிறவள், மாலை ரியூசன் முடித்துக் கடைசி பஸ்ஸில் இறங்கித் தோட்டப் பாதையில் தனியாக நடக்கிறவள். அவளுக்குப் பின்னால் இருட்டில் வருகிற காலடி காதலாக இருந்ததில்லை. அதை நீ காதலென்று எழுதினால், உன்னை நம்பி வாசிக்கிற தங்கச்சி ஒருத்தி நாளைக்கு அந்தக் காலடிக்குப் பயப்படாமல் நின்றுவிடுவாள்.

காதலும் உருமாற்றமும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மகாவம்சத்தில் விஜயனின் ஆட்களுக்கு முன்னால் யட்சினி ஒருத்தி நாயாகத் தோன்றுகிறாள். இன்னொரு யட்சினியான குவேனி பதினாறு வயதுக் கன்னியாகிறாள். விஜயனுக்காகத் தன் சனத்தையே காட்டிக்கொடுக்கிறாள். பட்டம் கட்டுகிற நேரம் வந்ததும் அவன் மதுரைக்கு ஆள் அனுப்பி அரசகுமாரியைக் கேட்டு வரவழைக்கிறான், குவேனியைப் போகச் சொல்கிறான். திரும்பிப் போன இடத்தில் அவளுடைய ஆட்களே அவளைக் கொன்றுவிடுகிறார்கள். இரண்டு பிள்ளைகளும் தப்பி ஓடி மலையநாட்டில் வாழ்ந்தார்கள் என்கிறது அந்த நூல். அதாவது இந்தப் பக்கத்து மலைகள்! ஹென்றி ஜயசேன 1963இல் குவேனியைச் சிங்கள மேடையில் ஏற்றினார். உருமாறியவள் பெண்ணாக இருந்தால் விலை முழுவதும் அவள் தலையில்தான் விழுகிறது என்பதை அந்தக் கதையில் பார்.

கதிர்காமத்து வள்ளியும் அப்படி ஒரு கதைக்குள் இருப்பவள்தான். வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக முருகன் உருமாறி வருகிறான். யானையை ஏவிப் பயமுறுத்தித் தன்னிடம் ஓடிவரச் செய்கிறான். கந்தபுராணத்தில் அது திருவிளையாடல், நான் கைகூப்பி வாசிக்கிற இடம். உன் நாவலில் பதினெட்டு வயதுப் பையன் அதையே செய்தால் அது ஏமாற்று. அங்கேயும் அவன் தன் சொந்த உருவத்தைக் காட்டிய பிறகுதான் வள்ளி அவனை ஏற்கிறாள் என்பதை மறக்காதே.

உனக்கு நான் கொடுக்க விரும்புகிற கதை ரதியுடையது. மாசியில் கம்பம் நட்டு, தப்பு முழங்க ஆடுகிற காமன் கூத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். சிவனின் கண் பட்டு மன்மதன் எரிந்துபோகிறான். ரதி அழுது மன்றாடி வரம் கேட்கிறாள். அவன் திரும்புகிறான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவனாக. ஊருக்கு அவன் இல்லை, அவளுக்கு இருக்கிறான். பகலில் கவ்வாத்து வெட்டிய அண்ணன் ராத்திரியில் ரதியாகப் புடவை கட்டி நிற்பதைப் பார்த்த உனக்கு, உருமாற்றத்தைச் சொல்லித்தர வேறு ஆள் வேண்டுமா? ரதி கேட்டுப் பெறுகிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே கேட்கிறாள். உன் நாயகியும் அப்படியே செய்யட்டும். அவன் யார் என்பதைக் கதையின் நடுப்பகுதிக்குள் அவளுக்குச் சொல்லிவிடு. பயப்பட அவளுக்கு நேரம் கொடு. வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு இடம் கதையில் இருக்க வேண்டும், சொன்னால் அவன் விலகிப் போகிறவனாகவும் இருக்க வேண்டும். அப்புறம் அவள் சரி என்று சொன்னால்தான் அந்தச் சரிக்குப் பெறுமதி.

உன் பையனுடைய பூர்வீகத்தை இந்தத் தீவின் ஆதிக்குடிகளான வேடர்களோடு முடிச்சுப் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. மேயரின் ஓநாய்ப் பையன்கள் கற்பனைக் குலமில்லை. வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்ற இடத்தில் வாழ்கிற குவிலியூட் மக்கள். ஓநாயிலிருந்து மனிதரானோம் என்பது அவர்களுடைய தோற்றக்கதை. நாவலும் படமும் புகழ்பெற்ற பிறகு, எது அவர்கள் கதை, எது மேயரின் கற்பனை என்று சியாட்டிலில் இருக்கிற பர்க் அருங்காட்சியகம் அவர்களோடு சேர்ந்து தனியாக விளக்க வேண்டி வந்தது. உயிரோடு இருக்கிற ஒரு சனத்தை மிருகமாக்கிப் பெயர் வாங்காதே. சொந்தப் பூர்வீகமே போதும் உனக்கு. நம் முன்னோர் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்து வந்தார்களே, காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை! அந்தப் பாதையில் விட்டுவிட்டுப் போன ஒரு குழந்தையைக் காடு வளர்த்தது என்று தொடங்கு. 1948இல் பிரஜாவுரிமை பறிபோய், 2003இல் வந்த சட்டம் வரை கடதாசிக்கு அலைந்த நமக்கு, நான் இன்னார் என்று நிரூபிக்க முடியாதவனின் மனம் புரியாதா?

கடைசியாகப் பேச்சு. உன் ஆட்கள் டப்பிங் சீரியலில் வருகிறவர்களைப் போலப் பேசுகிறார்கள். உன் அம்மாச்சி பிரட்டுக்களத்துச் சண்டையைச் சொல்கிற மாதிரி அவர்கள் பேசட்டும். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னிடம் இருக்கிறது, எடுத்துப் போ. அச்சுக்கு அவசரப்படாதே, இங்கே முதல் புத்தகத்துக்குப் பெரும்பாலும் நாமே காசு போட வேண்டும். முதலில் ஒரு அத்தியாயத்தைச் சிறுகதையாக்கிச் சஞ்சிகைக்கு அனுப்பு.

பரீட்சை முடியும்வரை நாவலைத் தொடாதே. பிறகு பதினோராம் அத்தியாயத்தை மட்டும் திருப்பி எழுது. ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவனை அவள் பார்த்துவிடுகிறாள், கதவைத் திறக்காமல் யார் என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொண்டு எழுது. அவன் பதில் சொல்லியாக வேண்டும். மாசியில் உங்கள் தோட்டத்தில் கம்பம் நட்டால், ரதி வேஷம் கட்டுகிற அண்ணனிடம் போய், அழுகிற இடத்தில் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டு எழுதி வை. இரண்டையும் எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியம்மா