போர்க்காலத்தில் மக்கள் உறுதி

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே உள்ளது கனகம்மாசத்திரம் என்னும் எம் சிற்றூர். வழிச்செல்வோர்க்கு உண்டியும் உறையுளும் நல்கும் அறச்சாலையைச் சத்திரம் என்பது நம் நாட்டு வழக்கு. ஊரின் பெயரே அவ்வறத்தை நினைவூட்டி நிற்கின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இச்சாலை கண்ட காட்சியை என் பாட்டியார் பலகாலும் கூறக் கேட்டுள்ளேன். மாட்டு வண்டிகளில் பாயும் பாத்திரமும் ஏற்றி, அவற்றின்மேல் குழந்தைகளை அமர்த்தி, சென்னை மக்கள் மேற்கு நோக்கி வந்தவண்ணம் இருந்தனராம். ‘குண்டு விழப் போகிறது’ என்பதே அவர்கள் வாயில் வழங்கிய சொல். ஊரார் திண்ணைகளை ஒழித்துக் கொடுத்தனர். கூழும் மோரும் கொடுத்தனர். வந்தவர் எக்கட்சியினர் என்று எவரும் வினவவில்லை.

அவ்வச்சம் வீண் அச்சம் அன்று. அவ்வாண்டு பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. மார்ச்சு மாதத்தில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னையே என்று யாவரும் கருதினர். இன்றியமையாத பணி இல்லாதோர் நகரை விட்டு நீங்குமாறு அரசு அறிவுறுத்தியது. அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. சில நாட்களுள் இலட்சக்கணக்கானோர் வெளியேறினர். எனினும் சப்பானியர் கப்பற்படை திரும்பிச் சென்றது. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சில குண்டுகளை வீசிச் சென்றதோடு சென்னையின் இடர் முடிந்தது.

போர் ஆறாண்டுகள் நீடித்தது. நீண்ட போரில் படைக்கலத்தினும் வலியது மக்கள் உறுதி என்பர் அறிஞர். அவ்வுறுதி எங்கிருந்து பிறக்கின்றது? கருத்து வேற்றுமை அதனைக் கெடுக்குமா? இவ்வினாக்களுக்கு அக்கால வரலாறு தக்க விடை தருகின்றது.

இங்கிலாந்தின் நிலையை முதற்கண் காண்போம். அங்கு 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் சர்ச்சில் தலைமையில் எல்லாக் கட்சியினரும் சேர்ந்த அமைச்சரவை அமைந்தது. சர்ச்சிலின் கொள்கைகளை நெடுநாள் எதிர்த்து வந்த தொழிற்கட்சித் தலைவர் அட்லி அதில் இடம் பெற்றார். இலண்டன் மாநகர் இரவுதோறும் குண்டுமாரியில் நனைந்தபோதும் மக்கள் தளரவில்லை. போர் தம்முடையது என்றும், அதனை நடத்துவோர் தம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் என்றும் அவர்கள் எண்ணினர். ஐரோப்பாவில் போர் முடிந்தவுடன், 1945ஆம் ஆண்டு நடந்த தேர்தலில், அதே மக்கள் சர்ச்சிலை விலக்கி அட்லியை ஆட்சியில் அமர்த்தினர். போர்க்கால ஒற்றுமை அவர்தம் சிந்தனையைச் சிறைப்படுத்தவில்லை என்பது இதனாற் புலனாகும்.

நம் நாட்டின் நிலை வேறு. 1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியாவும் போரில் இறங்கியதாக அரசப் பிரதிநிதி லின்லித்கோ அறிவித்தார். மக்கள் தலைவர் எவரையும் அவர் கலந்து கொள்ளவில்லை. கேளாமலே சுமத்தப்பட்ட சுமையை எவர்தாம் மனமுவந்து தாங்குவர்? சென்னையில் இராசாசியின் அமைச்சரவை உள்ளிட்ட காங்கிரசு அமைச்சரவைகள் பதவி துறந்தன. 1940ஆம் ஆண்டு தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. இராசாசியும் காமராசரும் சிறை புகுந்தனர்.

சப்பானியர் நெருங்கியபோது கருத்துகள் பலவாகப் பிரிந்தன. நீதிக்கட்சியின் தலைவராயிருந்த பெரியார் போர் முயற்சியை ஆதரித்தார். உருசியாவைச் செருமனி தாக்கிய பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சியினர் இதனை மக்கள் போர் என்றனர். காந்தியடிகளோ, ஆங்கிலேயர் வெளியேறினாலன்றி நாடு தன்னைக் காத்துக்கொள்ள இயலாது என்றார். கடல் கடந்த மலேயாவில் தமிழ்த் தொழிலாளர் பலர் நேதாசியின் இந்திய தேசியப் படையிற் சேர்ந்தனர். அதே காலத்தில் இருபத்தைந்து இலட்சம் இந்தியர் தாமே முன்வந்து ஆங்கிலேயர் படையில் பணியாற்றினர். ஒரே தாயின் மக்கள் இரு படைகளிலும் எதிரெதிர் நின்ற துயரமும் அப்போரில் உண்டு.

இராசாசியின் நிலை தனித்து எண்ணத்தக்கது. பகைவன் வாயிலில் நிற்கும்போது தேசிய அரசு ஒன்று உடனே அமைய வேண்டும்; அதற்கு முசுலிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றேனும் உடன்பாடு காண வேண்டும் என்று அவர் கருதினார். 1942 ஏப்ரல் 23 அன்று சென்னைக் காங்கிரசுச் சட்டமன்ற உறுப்பினர்கள் அவ்வாறே தீர்மானித்தனர். ஆயினும் அலகாபாத்தில் கூடிய அனைத்திந்தியக் காங்கிரசுக் குழு அதனை 120 வாக்குகளுக்கு 15 என்ற அளவில் தள்ளியது. இராசாசி தம் கருத்தை மாற்றிக் கொள்ளவில்லை. கட்சிக்குள் இருந்தே கலகம் விளைக்கவும் விரும்பவில்லை. செயற்குழுவினின்று விலகினார், சூலையில் கட்சியையும் சட்டமன்ற இடத்தையும் துறந்தார். ஊர்தோறும் சென்று எதிர்ப்புக்கிடையே தம் கருத்தைப் பேசினார்.

ஆகசுடு 8 அன்று பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். பம்பாயினின்று திரும்பிய காமராசர், சென்னையில் காவலர் காத்திருப்பர் என உணர்ந்து, எம் வட்டாரத்தை அடுத்த அரக்கோணத்திலேயே புகைவண்டியை விட்டு இறங்கிவிட்டார். மாவட்டந்தோறும் மறைந்து சென்று, தொண்டர்க்குச் செய்ய வேண்டியன கூறினார். பணி முடிந்தபின் விருதுநகரில் தம் இல்லத்தை அடைந்து, தாம் வந்திருப்பதைக் காவலர்க்குத் தாமே அறிவித்துச் சிறை சென்றார். 1945இல்தான் விடுதலையானார்.

ஒருவர் கட்சியைத் துறந்தார். மற்றவர் கட்சிக்காகச் சிறை புகுந்தார். இருவருள் உறுதி மிக்கவர் யார்? மாணவர்களே, இவ்வினாவுக்கு விரைந்து விடை கூறிவிடாதீர். தாம் கொண்ட கருத்துக்காக இருவரும் இழப்பை ஏற்றனர். பிறர்மேல் அதனைச் சுமத்தினாரல்லர். 1944இல் காந்தியடிகள் சின்னாவுடன் பேசியபோது, இராசாசி வகுத்த திட்டத்தையே அடிப்படையாகக் கொண்டார். முரண்பட்ட நண்பரின் அறிவையும் நாட்டுக்குப் பயன்படுத்திக் கொள்ளும் பெருமனம் அது.

இனிப் பொதுமக்கள் பட்டதைக் காண்போம். பருமாவிலிருந்து வந்த அரிசி நின்றது, விலை ஏறியது, பங்கீட்டு அட்டையோடு மக்கள் வரிசையில் நின்றனர். இரவில் விளக்கை மறைத்தனர். அக்காலத்திலேயே தானியத்தைப் பதுக்கிக் கள்ளச் சந்தையில் விற்றோரும் இருந்தனர். 1943இல் வங்காளப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. விளைச்சற் குறைவினும், பதுக்கலும் ஆட்சியாளரின் பொறுப்பின்மையும் அதற்குப் பெருங்காரணங்களாயின. கருத்து மாறுபட்டோரால் நாடு அன்று பசியில் மடியவில்லை. கடமை மறந்தோரால் மடிந்தது.

ஆதலின் நாம் அறிய வேண்டுவது யாது? எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுதல் உறுதி அன்று. அஞ்சி வாய்மூடி இருத்தலும் உறுதி அன்று. மக்களைக் கேட்டு முடிவு செய்யும் நாட்டில் உறுதி தானே வளரும். கேளாத நாட்டில் ஆணையால் அதனை வருவிக்க இயலாது. மாற்றுக் கருத்துடையோன் பகைவன் அல்லன். பகைவன் படையெடுக்கும் நாளிலும் மாற்றுக் கருத்தைக் கேட்கும் பொறுமையும், முடிவு செய்தபின் தம் கடமையிற் பிறழாமையும் குடிமக்கட்கு வேண்டும்.

அன்று எம்மூர்த் திண்ணைகளில் படுத்து உறங்கியோருள் காங்கிரசாரும் இருந்திருப்பர், நீதிக்கட்சியினரும் இருந்திருப்பர். விடிந்தால் அவர்கள் வாதிட்டிருக்கவும் கூடும். எனினும் இரவில் குழந்தை அழுதபோது, பால் கொண்டுவந்த கை எக்கட்சியின் கை என்று எவரும் கேட்கவில்லை என்பார் என் பாட்டியார். நாட்டின் உறுதி அத்திண்ணையில்தான் இருந்தது.

வினாக்கள்

1. 1942 ஏப்ரலில் சென்னை மக்கள் நகரை விட்டு நீங்கியது ஏன்?
2. போர் பற்றி இங்கிலாந்து மக்களுக்கும் இந்திய மக்களுக்கும் இருந்த மனநிலை வேறுபட்டதன் காரணம் யாது?
3. இராசாசி, காமராசர் ஆகிய இருவரும் தத்தம் கொள்கைக்காக ஏற்ற இழப்புகளை ஒப்பிட்டு எழுதுக.
4. ‘மாற்றுக் கருத்துடையோன் பகைவன் அல்லன்’ – இக்கூற்றை உம் ஊர் நிகழ்ச்சி ஒன்றால் விளக்குக.